உறை மோரும் ஒரு விதைதான்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருக்கும் சிறு விவசாயிகள் உண்டு. சங்கத்துக்கு ஊற்றியது போக மிஞ்சும் பாலை வீட்டில் உறை ஊற்றுவார்கள். சில சமயம் இரவு முழுவதும் வைத்திருந்தாலும் பால் உறைவதில்லை. மோர் கெட்டுவிட்டது என்று எண்ணி அடுத்த வீட்டு மோரை வாங்கி ஊற்றினாலும் அதே கதைதான். அப்போது கவனிக்க வேண்டியது மோரை அல்ல, மாட்டுக்குப் போட்ட மருந்தை.

ஒரு கரண்டியில் பல வகை

உறை மோரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. இவை பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் திரண்டு தயிராகிறது. 1905ல் பல்கேரிய மாணவர் ஸ்தாமன் கிரிகோரோவ் தயிரில் கண்ட லாக்டோபாசில்லஸ் பல்கேரிக்கஸ் இவற்றில் ஒன்று. 2012ல் ஐதராபாத்தில் நடந்த பல்லுயிர்ப் பெருக்க மாநாட்டின்போது இது இந்தியாவின் தேசிய நுண்ணுயிராக அறிவிக்கப்பட்டது.

வீட்டுத் தயிரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோகாக்கஸ், லூக்கோநாஸ்டாக் போன்ற வகைகளும் கலந்திருக்கும். ஒன்று புளிப்பைத் தொடங்கும், ஒன்று அதைக் கூட்டும், ஒன்று மணம் தரும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒரு வகையை அழித்தாலும் மற்றவை வேலையை முடித்துவிடும். மணிலாவில் உளுந்தும் துவரையும் ஊடுபயிராகப் போட்டால் ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுப்பது போலத்தான் இதுவும்.

மடிநோய் மருந்து

ஆனால் மடிநோய்க்குப் போடும் பெனிசிலின் போன்ற மருந்து பாலில் கலந்தால் இக்கூட்டம் முழுவதுமே பாதிக்கப்படும். பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுவதும் போகாது. ஒரு காம்பில் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலையும் விலக்க வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றினால் கேன் பால் முழுவதும் கெடும். கன்றுக்கும் கொடுக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை

சந்தேகமான பாலையும், மருந்து போடாத வேறு மாட்டுப் பாலையும் தனித்தனி டம்ளரில் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் ஒரே மோரைச் சம அளவு ஊற்றி, ஒரே இடத்தில் வைக்க வேண்டும். முதலாவது மட்டும் உறையாவிட்டால் மருந்து கலந்திருக்கக்கூடும். உறைந்துவிட்டால் மருந்தே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறிதளவு மருந்து இருந்தும் பால் உறையலாம். ஆகவே மருத்துவர் சொன்ன நாள் கணக்கே முக்கியம்.

கையிலுள்ள உறை மோர் முழுவதையும் ஒரே பாலில் ஊற்றிவிடக் கூடாது. புதுத் தயிர் நன்றாக உறைந்ததைப் பார்க்கும் வரை பழைய தயிரில் ஒரு கரண்டி தனியே இருக்கட்டும். விதை நெல் முழுவதையும் ஒரே நாற்றங்காலில் கொட்டுபவர் யாரும் இல்லை.