அறுபது நாட்களின் விலை

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, என் ஆராய்ச்சிப் பொருளாகிய பாசிகளைப் பற்றி எழுதலாமென்றே முதலில் எண்ணினேன். ஆனால் விடுதியிலுள்ள தங்கைமார் இருவர் என்னைக் காணும்போதெல்லாம் கேட்பது பாசியைப் பற்றியன்று. "அக்கா, எட்டு மாதம் வீட்டில் இருந்தீர்களே, பணத்துக்கு என்ன செய்தீர்கள்?" என்பதே அவர்கள் கேள்வி. திருமணம், குழந்தை, ஆராய்ச்சி மூன்றையும் ஒருசேர எண்ணிப் பார்க்கவேண்டிய வயது அவர்களுக்கு. ஆகவே அக்கேள்விக்கே இங்கு விடை எழுதுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் வகுத்த ஆராய்ச்சிப் பட்ட விதிகளின்படி, பெண் ஆராய்ச்சியாளர் தம் படிப்புக் காலத்தில் ஒருமுறை 240 நாட்கள் வரை மகப்பேற்றுக்கும் குழந்தை வளர்ப்புக்குமாக விடுப்புப் பெறலாம். 2022-இல் வந்த புதிய விதிகளிலும் இது நீடிக்கிறது. தொழிலாளரான பெண்களுக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வாரம் அளித்தது. 2017-இல் அது 26 வாரமாயிற்று. எட்டு மாதம் என்பது அதனினும் பெரிது என்று பலர் மகிழ்கின்றனர். நானும் மகிழ்ந்தேன். ஆனால் விடுப்பு வேறு, சம்பளம் வேறு. எனக்கு உபகாரச் சம்பளம் 180 நாட்களுக்கே கிடைத்தது. மீதி அறுபது நாட்களும் படிப்புக் கணக்கில் விடுப்பு. பணக் கணக்கில் சுழி.

என் மகள் 2024 ஜூன் 10-இல் பிறந்தாள். எனவே டிசம்பர் 7 முதல் 2025 பிப்ரவரி 4 வரை அந்த அறுபது நாட்கள். அவற்றை விட்டுக்கொடுத்து டிசம்பரிலேயே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியிருக்கலாம். எனக்கு மனம் இல்லை.

எங்கள் வரவு இவ்வளவே. முதுநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 42,000 ரூபாய். என் கணவர் ஒரு தணிக்கையாளரிடம் கணக்கெழுதுகிறார், அவருக்கு 22,000. ஆக 64,000. இதில் பிரசவச் செலவுக்காக வாங்கிய கடனுக்கு மாதம் 10,000 போயிற்று. ஆறு மாதத்தில் அது தீர்ந்தது. வீட்டுச் செலவை 46,000-க்குள் நிறுத்தினால் மாதம் 8,000 மிஞ்சும். ஆறு மாதத்தில் 48,000. சம்பளமற்ற இரண்டு மாதங்களிலோ செலவை 38,000-க்கு இறக்க வேண்டும். அப்போதும் மாதம் 16,000, மொத்தம் 32,000 துண்டு விழும். மீதி 16,000-ஐ, திரும்பச் சேர்ந்தபின் முதல் தொகை கைக்கு வரும்வரை தாக்குப்பிடிக்க வைத்துக்கொண்டோம்.

ஓர் இரவு, குழந்தை உறங்கியபின், 32,000-ஐ அறுபதால் வகுத்துப் பார்த்தேன். 533 ரூபாய். என் மகளுடன் நான் வீட்டில் இருக்கும் ஒரு நாளின் விலை அது. அன்று முதல் எனக்கு ரூபாய்க் கணக்கு மறந்து நாள் கணக்கு வந்துவிட்டது. கரியாஹாட்டில் ஒரு கடையில் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "எட்டாயிரந்தானாம், வாங்கிடலாமா?" என்றார் என் கணவர். "பதினைந்து நாள்" என்றேன். கையை எடுத்துவிட்டார். சிக்கனம் என்ற சொல்லில் ஒரு வறட்சி இருக்கிறது, எதையோ இழப்பதுபோல. எதை வாங்குவதற்காகச் சேமிக்கிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அந்த வறட்சி போய்விடுகிறது.

எங்கே மிச்சம் பிடித்தோம்? துணியில் பெரிதும். நம்மூரில் பழைய வேட்டியைக் கிழித்துக் குழந்தைக்குப் போடுவதும், பழைய சேலையில் தூளி கட்டுவதும் வழக்கம். வங்காளத்தார் இதில் நமக்கு ஒரு படி மேல். துவைத்துத் துவைத்து மெல்லிதான சேலைகள் மூன்று நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' என்னும் விரிப்புச் செய்கிறார்கள். அந்நாளில் தைக்கும் நூலைக்கூடச் சேலைக்கரையிலிருந்தே உருவிக்கொள்வார்களாம். புதுத் துணி குழந்தையின் தோலை உறுத்தும்; பழையது உறுத்தாது. ஏழ்மையில் பிறந்த இக்கலை இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெருவிலைக்கு விற்கப்படுவது வேறு கதை. எங்கள் கீழ்வீட்டு மாசிமா எனக்குத் தையல் பழக்கினார். என் கோணல் தையலைப் பார்த்து அவர் சிரிக்காத நாளில்லை.

தடுப்பூசியை மாநகராட்சியின் வட்டார நலநிலையத்தில் போட்டோம். அங்கே இலவசம்; வரிசையில் நிற்கவேண்டும், அவ்வளவே. காய்கறிக்கு, பாலிகஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகள். கேனிங், லட்சுமிகாந்தபூர் பக்கத்துப் பெண்கள் விடியற்காலை வண்டியில் கீரையும் காயும் கொண்டுவந்து இறக்குகிறார்கள். எங்கள் நல்வினை, சம்பளமற்ற மாதங்கள் குளிர்காலத்தில் அமைந்தன. பூஜை நாட்களில் ஐம்பது ரூபாய் விற்ற பூக்கோசு தையில் பதினைந்துக்கு வந்தது. முருங்கைக்காய்க்கும் காப்பித்தூளுக்கும் மட்டும் லேக் மார்க்கெட். காப்பியைக் குறைக்கவில்லை, அதை ஒளிவின்றிச் சொல்லிவிடுகிறேன்.

வாடகையில் மட்டும் நாங்கள் சிக்கனம் காட்டவில்லை. பழைய வீடொன்றின் மூன்றாம் மாடியில் இரண்டு அறைக்கு 12,000 கொடுக்கிறோம். சோனார்ப்பூர்ப் பக்கம் போனால் 7,000-க்குக் கிடைக்கும். ஆனால் இங்கிருந்து என் ஆய்வுக்கூடம் கால்மணி நடை. அந்த ஐயாயிரம் வாடகையன்று. குழந்தைக்கும் எனக்கும் இடையிலுள்ள தூரத்தின் விலை.

நான் படிக்கும் பாலிகஞ்ச் வளாகம் தாரக்நாத் பாலித் என்னும் வழக்கறிஞர் கொடையளித்த நிலத்தில் நிற்கிறது. அவர் பெயரால் அமைந்த பேராசிரியர் பதவியைத்தான் 1917-இல் சி. வி. இராமன் ஏற்றார். நிதித்துறையில் இருந்த உயர்ந்த சம்பளத்தை விட்டுக் குறைந்த சம்பளத்துக்கு வந்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். சொல்லவேண்டியதே. அந்தக் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்திய லோகசுந்தரி அம்மையாரைப் பற்றி யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக இரவில் உட்கார்ந்தபோது எனக்கு அவர் நினைவு வந்ததுண்டு.

இனி நான் தவறியதையும் சொல்ல வேண்டும். என் தாயார் திருச்சியிலிருந்து வந்து மூன்று மாதத்துக்கு மேல் உடனிருந்தார். செப்டம்பர் இறுதியில் அவரை ஷாலிமாரில் கோரமண்டல் வண்டியில் ஏற்றினோம். குளிர்பதனப் பெட்டிக்கும் சாதாரணப் படுக்கைக்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம். அதாவது இரண்டு நாள். "எனக்கு எதுக்குடி ஏசி? ஜன்னலோரமா காத்து வாங்கிக்கிட்டுப் போறேன்" என்றார் அம்மா. அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் ஒப்புக்கொண்டேன். ஓர் இரவும் ஒரு பகலும் புழுக்கத்தில் உட்கார்ந்து போனவர், ஊர் சேர்ந்தபின் முதுகுவலியால் இரண்டு வாரம் எழவில்லை. அந்த இரண்டு நாட்களை நான் அம்மாவின் முதுகிலிருந்து எடுத்துக்கொண்டேன். நாள் கணக்குக்கு இந்தக் கொடுமையும் உண்டு: அதில் பிறர் உடம்பு ஏறுவதில்லை. அதன்பின், மற்றவர் செலவுகளை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பொழுதுபோக்குக்கு நாங்கள் காசு செலவழித்ததாக நினைவில்லை. அக்டோபரில் ஏக்தாலியா, சிங்கி பார்க் பந்தல்களைக் கூட்டம் சேருமுன் காலையிலேயே பார்த்துவிட்டு, மேடக்ஸ் ஸ்கொயரில் புல்தரையில் உட்கார்ந்தோம். ஞாயிறுகளில் ரவீந்திர சரோவர். 1920-களில் நகர மேம்பாட்டுக்காக வெட்டிய அந்த ஏரிக்கரையில், மகளை என் சேலைத் தலைப்பில் போர்த்திக்கொண்டு நடப்போம். அவள் நீரையும் பறவையையும் பார்ப்பாள், நாங்கள் அவளைப் பார்ப்போம்.

சோறூட்டு விழாவைப் பற்றி ஒரு சிறு தகராறு. வங்காளத்தார் ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் பெண்ணுக்கு ஒற்றைப்படை மாதத்திலும் செய்கிறார்கள். ஏழாம் மாதம் பிறந்ததுமே செய்துவிடலாம் என்றேன் நான். "பௌஷ் மாதத்தில் ஆகாது" என்றார் மாசிமா. நம் மார்கழிதான் அவர்களுடைய பௌஷ்! இரு நாட்டாரும் ஒரே மாதத்தை ஒதுக்கி வைத்திருப்பதை எண்ணி வியந்து, தை பிறக்கும்வரை பொறுத்தேன். முதற்சோற்றைத் தாய்மாமன் ஊட்டவேண்டும். என் தம்பி ஊரில் இருந்தான். மாசிமாவின் மகன் அன்று அவளுக்கு மாமனானான். கோவிந்தபோக் அரிசியும் புது ஈச்சவெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பாயசம், பன்னிரண்டு பேர், தரையில் பாய். செலவு இரண்டு நாளுக்குச் சற்று மேல். எதிர்காலத்தைக் காட்டுமென்று பேனா, புத்தகம், மண், நாணயம் வைத்த தட்டை நீட்டினார்கள். என் மகள் தட்டையே இழுத்துக் கவிழ்த்துவிட்டாள்.

பிப்ரவரி 3-இல் மாமியார் வந்தார், குளிர்பதனப் பெட்டியில்தான். 5-ஆம் நாள் காலை ஒன்பதரைக்கு நான் ஆய்வுக்கூடம் போனேன். எட்டு மாதத்தில் என் பாசிக் குடுவைகளில் இரண்டு வற்றிப்போயிருந்தன. மற்றவற்றைத் தோழி காப்பாற்றி வைத்திருந்தாள். பகல் ஒன்றரைக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு நடந்தேன். மகள் தூளியில் உறங்கிக்கொண்டிருந்தாள். "எழுப்பாதேம்மா, இப்பத்தான் தூங்கினா" என்றார் மாமியார். இருபது நிமிடம் தூளிக்கருகே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன்.