ரீச் வீழ்ந்த நாள்: நாவலும் விளையாட்டும் முரண்படும் காலவரிசையும் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கலும்

ஒரே கதையுலகைப் பல ஊடகங்களில் பலர் எழுதும்போது காலக்குறிப்புகள் ஒன்றோடொன்று மோதுவது இயல்பு. இம்மோதலை ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் எவ்வாறு தீர்க்கின்றனர் என்பது இலக்கிய ஆர்வலர்க்கு மட்டும் உரிய வினா அன்று. ஒரு தொடர் எதனைக் கூறுகிறது, எதனைக் கூறாமல் விடுகிறது, எதனை மறுக்கிறது என்பதை வரையறுக்கும் மொழியியல் வினாவும் அதுவே. இதற்குத் தக்க சான்றாக 'ஹேலோ' என்னும் அறிவியல் புனைவுத் தொடரில் ரீச் என்ற கோள் வீழ்ந்த நிகழ்ச்சியைக் கொள்ளலாம்.

எரிக் நைலண்ட் எழுதிய 'ஹேலோ: த ஃபால் ஆஃப் ரீச்' என்னும் நாவல் 2001 அக்டோபர் 30 அன்று வெளிவந்தது. அதற்கு அடிப்படையான முதல் விளையாட்டு சுமார் இரு வாரங்களுக்குப் பின்னரே, நவம்பர் 15 அன்று, எக்ஸ்பாக்ஸ் கருவியுடன் விற்பனைக்கு வந்தது. விளையாட்டு தொடங்குவதற்கு முன் நிகழ்ந்தவற்றை உரைப்பதே நாவலின் பணி. எப்சிலான் எரிடானி என்னும் விண்மீனைச் சுற்றும் ரீச், மனிதகுலத்தின் பெரும் படைத்தளம். (விண்மீன் மெய்யானது, பூமியிலிருந்து சுமார் 10.5 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கோள் கற்பனை.) 2552 ஆகஸ்ட் 30 அன்று கவெனன்ட் எனப்படும் வேற்றுக்கோளினத்தாரின் முந்நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வருகின்றன, அன்றே ரீச் வீழ்கிறது. நாவலின்படி இஃது ஒருநாட் போர்.

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 2010 செப்டம்பர் 14 அன்று, பஞ்ஜி நிறுவனம் 'ஹேலோ: ரீச்' என்னும் விளையாட்டை வெளியிட்டது. நோபிள் என்னும் சிறு படையணி ரீச்சின் நிலப்பரப்பில் போரிடுவதே இதன் கதை. ஒவ்வொரு கட்டத்தின் தொடக்கத்திலும் இடமும் நாளும் திரையில் எழுத்தாகத் தோன்றுகின்றன. முதற்கட்டத்தின் நாள் 2552 ஜூலை 24. ஆகஸ்ட் 14 அன்று எதிரியின் மாபெரும் கப்பல் ஒன்று விண்ணில் அழிக்கப்படுகிறது. ஆகஸ்ட் 23 அன்று நியூ அலெக்ஸாண்ட்ரியா நகரம் எரிகிறது. இறுதி நாள் நாவலில் உள்ளதே: ஆகஸ்ட் 30.

முரண் எங்கே உள்ளது என்பதை இங்கு நுணுகி நோக்க வேண்டும். இரு பனுவல்களும் முடிவு நாளில் ஒத்துப்போகின்றன. வேறுபடுவது நிகழ்ச்சியின் நீளமே: ஒன்றில் ஒரு நாள், மற்றொன்றில் ஐந்து வாரங்களுக்கும் மேல். எனவே இரண்டையும் இணைக்க விழைபவர் எந்த நாளையும் மாற்ற வேண்டியதில்லை. 'வீழ்ச்சி' என்ற சொல்லின் பரப்பை விரித்தால் போதும். வினைப்பெயர்க்கு இந்நெகிழ்ச்சி உண்டு. விஜயநகரத்தின் வீழ்ச்சி என்னும்போது 1565-ஆம் ஆண்டின் தலைக்கோட்டைப் போரையும் குறிக்கலாம், அதன்பின் பேரரசு தேய்ந்து மறைந்த பல பத்தாண்டுகளையும் குறிக்கலாம். ஆங்கிலத் தலைப்பில் உள்ள சொல்லும் அத்தகையதே. ஆகவே தமிழில் 'ரீச்சின் வீழ்ச்சி' என்பது பொருத்தமான பெயர்ப்பு. 'ரீச் வீழ்ந்த நாள்' என்று இக்கட்டுரையின் தலைப்பில் உள்ளதுபோல் பெயர்த்தால், மூலம் திறந்துவைத்த வாயிலை மொழிபெயர்ப்பாளர் தாமே அடைத்தவராவார்.

ஆனால் சொல்லின் பரப்பை விரித்த அளவில் சிக்கல் முழுவதும் தீர்ந்துவிடவில்லை. நாவலில் ஆகஸ்ட் 30 அதிகாலை, அக்கோள்மண்டலத்தின் விளிம்பில் உள்ள ஃபெர்மியான் என்னும் கண்காணிப்பு நிலையத்தில் பணியாளர்கள் வழக்கமான பணியில் இருக்கின்றனர். அவர்களுடைய கருவிகளே பகைவரின் வருகையை முதலில் காட்டுகின்றன. அதற்கு முந்தைய நாட்களில் ரீச்சிலேயே ஸ்பார்டன் வீரர்களுக்குப் புதியதொரு பணி விளக்கப்படுகிறது; கவசச் சோதனையும் நடைபெறுகிறது. அதே கோளில் ஒரு மாதமாகப் போர் நிகழ்கிறது என்பதற்கான குறிப்பு எதுவும் இல்லை. இங்குதான் ஒரு வேறுபாடு இன்றியமையாததாகிறது: கூறாமை வேறு, மறுத்தல் வேறு. 'அதுவரை ரீச் தாக்கப்படவில்லை' என்று கதைசொல்லி கூறியிருந்தால் அது மறுத்தல். எந்தத் துணை ஆவணமும் அதனை அசைக்க இயலாது. பணியாளர் அமைதியாக இருந்தனர் என்பது கூறாமை. அவர்களுக்குச் செய்தி எட்டவில்லை, படைத்தலைமை மறைத்தது, நிலையம் தொலைவில் இருந்தது என ஏதேனும் ஒரு காரணத்தைப் பின்னால் வருபவர் இட்டு நிரப்பலாம்.

அவ்வாறே நிரப்பவும் பட்டது. விளையாட்டின் சிறப்புப் பதிப்புகளுடன் கேதரின் ஹால்சி என்னும் கதைமாந்தரின் நாட்குறிப்பாக ஒரு நூல் சேர்த்தளிக்கப்பட்டது. தொடரின் பொறுப்பை ஏற்ற 343 இண்டஸ்ட்ரீஸ் (2024-இல் ஹேலோ ஸ்டூடியோஸ் எனப் பெயர் மாறியது) 2011-இல் சில துணை ஆவணங்களை வெளியிட்டது. நாவலும் 2010 ஆகஸ்டில் டோர் பதிப்பகத்தால் திருத்தங்களுடன் மறுபதிப்புப் பெற்றது. எனினும் நாவலில் ஒருநாட் போரின் கட்டமைப்பு அப்படியே நின்றது. போரின் கால அளவைப் பொறுத்தவரை, மூலபாடத்தைத் தொடாது அதன் அருகில் வேறொரு பாடத்தை வைத்து, இரண்டையும் சேர்த்துப் படிக்கச் செய்வதே கையாளப்பட்ட உத்தி. தமிழ் உரைமரபை அறிந்தோர்க்கு இது புதிதன்று. மாறுகொளக் கூறலைத் தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் குற்றமாக எண்ணின. நூலில் அக்குற்றம் போலத் தோன்றும் இடங்களை உரையாசிரியர் இடவேறுபாடும் காலவேறுபாடும் காட்டி அமைப்பர். சூத்திரத்தைத் திருத்துவதைவிட உரையை விரிப்பதே அவர்கள் வழி. ஆயினும் உரையாசிரியர் தம் பெயரில் எழுதினார். இங்கோ உரையே கதைமாந்தரின் நாட்குறிப்பாக வேடம் பூண்டு வருகிறது.

கோர்டானா என்னும் செயற்கை அறிவு தொடர்பான முரண் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்னும் நுட்பமானது. நாவலில் ஆகஸ்ட் 29 அன்று அவள் மாஸ்டர் சீஃப் என்னும் வீரனின் கவசத்தில் இணைக்கப்படுகிறாள். விளையாட்டில் அதே நாளில் ஹால்சி அவளை நோபிள் அணியிடம் ஒப்படைக்கிறார். ஒருத்தி ஈரிடத்தில் இருப்பது எவ்வாறு? அணியிடம் தரப்பட்டது அவளுடைய ஒரு கூறு மட்டுமே என்பது விடை. விளையாட்டு அப்பொருளைப் 'பொதி' என்ற பொருள்தரும் சொல்லால் சுட்டுகிறது. கட்டத்தின் பெயரும் அதுவே. இப்பொதுச்சொல் இடைவெளியைப் பேணுகிறது. தெளிவு கருதி மொழிபெயர்ப்பாளர் ஒவ்வோரிடத்திலும் 'கோர்டானா' என்று பெயரை இட்டாலோ, 'அவள்' என்று சுட்டினாலோ, பொதியும் ஆளும் ஒன்றே என்று தமிழ் உறுதியாகக் கூறிவிடும். மாறாகக் கூறினை 'அது' என்றால், பேசும் அறிவு திணை மாறிப்போகும். பொதி என்ற பெயர்ச்சொல்லையே இயன்றவரை மீண்டும் ஆள்வது, சற்றுச் சலிப்பூட்டினும், பாதுகாப்பானது.

பில்லர் ஆஃப் ஆட்டம் என்னும் கப்பலின் நிலை இவ்வாறு எளிதில் அமைவதன்று. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அக்கப்பல் நாவலில் ஆகஸ்ட் 30 அன்று விண்ணில் போரிட்டுக் கோளை விட்டு அகல்கிறது. விளையாட்டிலோ அதே நாளில் அசோட் என்னும் கப்பல் உடைக்கும் தளத்தில் தரையில் நிற்கிறது. கேப்டன் கீஸ் நேரில் வந்து பொதியைப் பெற்ற பின்னரே எழுகிறது. நாவலின் இரு காட்சிகளுக்கிடையே கப்பல் இறங்கி ஏறியது என்று கொண்டாலன்றி இரண்டும் ஒருங்கே மெய்யாக இயலா. இங்கே கூறாமைக்குள் அடங்கும் அளவைவிட அதிகமானது திணிக்கப்படுகிறது. இதனை இணைப்பு என்பதைவிட ஒட்டு என்பதே பொருந்தும். 2022-இல் தொடங்கிய ஹேலோ தொலைக்காட்சித் தொடர் இத்தகைய ஒட்டுகளைத் தவிர்த்து, தன்னைத் தனியொரு காலவரிசையாகவே அறிவித்துக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

நாவலைத் தமிழாக்குபவர் முதலில் 2001 பாடமா 2010 பாடமா என்பதை முடிவுசெய்து முன்னுரையில் சொல்லிவிட வேண்டும். இரண்டையும் கலந்து 'நல்ல பாடம்' ஒன்றை ஆக்குவது பதிப்பாசிரியர் பணி. அதற்கும் பாடவேறுபாடுகளைக் காட்டும் கடமை உண்டு. விளையாட்டை அறிந்த மொழிபெயர்ப்பாளர், ஃபெர்மியான் காட்சியில் 'போர் இங்கும் வந்துவிட்டது' என ஓர் உம்மையைச் சேர்க்க ஆசைப்படலாம். அவ்வோர் உம்மை வேறிடத்தில் முன்பே போர் நிகழ்ந்ததாகக் காட்டி நாவலையே மாற்றிவிடும். விளையாட்டை அறியாதவர் 'முதன்முறையாக' என்ற அடையைச் சேர்த்து எதிர்த்திசையில் பிழை செய்யலாம். முன்னது இல்லாத உடன்பாட்டை ஆக்குகிறது. பின்னது இல்லாத மறுப்பை ஆக்குகிறது.

அத்தியாயத் தலைப்புகளில் வரும் நேரக்குறிப்பிலும் இதே இடர் உண்டு. நாவல் ஒவ்வோர் இடத்திலும் நான்கிலக்க நேரத்தையும் நாளையும் தந்து, அவை இராணுவ நாட்காட்டிப்படியானவை என்றும் குறிக்கிறது. 0447 போன்றதொரு நேரத்தைத் தமிழில் 'அதிகாலை 4.47' என்று எழுதுவது வழக்கம்; இக்கட்டுரையும் மேலே அவ்வழக்கிற்கு ஆட்பட்டே 'ஆகஸ்ட் 30 அதிகாலை' என்றது. கண்காணிப்பு நிலையத்தில் விடியல் இல்லை. ரீச்சின் நிலப்பரப்பிலோ ஒவ்வோரிடத்திற்கும் ஒவ்வொரு விடியல் உண்டு. விளையாட்டு அவற்றை ஒளியாகவும் இருளாகவும் காட்டுகிறது. இராணுவ நேரத்திற்கு 'அதிகாலை' என்னும் அடையைக் கொடுத்தவுடன், இரு ஆங்கிலப் பனுவல்களிலும் இல்லாத ஒரு காலமுரண் தமிழில் பிறந்துவிடுகிறது. '0447 மணி' என்று இலக்கத்தை உள்ளவாறே இடுவது தமிழ்ச் செவிக்குச் சற்றுக் கரடாயினும், அம்முரணுக்கு இடம் தருவதில்லை.