ரோமாபுரியில் கங்கை

கங்கை என்றதும் நமக்குத் தாயின் நினைவே வருகிறது. மகர வாகனத்தின் மேல், கையில் கும்பம் ஏந்திய தேவியாகவே நம் நாட்டுச் சிற்பிகள் அவளை வடித்திருக்கிறார்கள். ரோமாபுரியிலோ கங்கை தாடி வளர்த்த ஓர் ஆண்மகன்! அவன் கையில் நீண்டதொரு துடுப்பு. நதிகளை ஆண் தெய்வங்களாகப் பாவிப்பது பழைய கிரேக்க, ரோமானிய வழக்கம்; கப்பல் செல்லத்தக்க பெருநதி என்பதற்குத் துடுப்பு அடையாளம்.

இந்த விநோதக் கங்கையைக் காணப் பியாஸா நவோனா என்னும் சதுக்கத்துக்குச் செல்ல வேண்டும். முதல் நூற்றாண்டில் டொமிஷியன் சக்கரவர்த்தி கட்டிய பந்தய அரங்கின் நீண்ட வடிவம் அச்சதுக்கத்தில் இன்றும் மாறாதிருக்கிறது. அதன் நடுவே இருப்பதுதான் 'நான்கு நதிகளின் நீரூற்று'. ஐரோப்பாவுக்கு டான்யூப், ஆப்பிரிக்காவுக்கு நைல், ஆசியாவுக்குக் கங்கை, அமெரிக்காவுக்கு லா பிளாத்தா என நான்கு நதிகள் பாறைமேல் சாய்ந்திருக்கின்றன. நைலின் மூலம் அக்காலத்து ஐரோப்பியருக்குத் தெரியாது. ஆதலால் அதன் முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள்.

1644-இல் போப்பரசரான பத்தாம் இன்னொசென்டின் குடும்ப மாளிகை இச்சதுக்கத்தில் இருந்தது. ஆப்பிய நெடுஞ்சாலை அருகே உடைந்து கிடந்த ஒரு பழைய கல்தூணை அங்கே நிறுத்தி, அதன் அடியில் நீரூற்று அமைக்க அவர் விரும்பினார். மகா சிற்பியான பெர்னினி அப்போது அவருடைய தயவை இழந்திருந்தார். புனித பேதுரு ஆலயத்துக்கு அவர் எழுப்பிய மணிக்கோபுரம் விரிசலுக்குக் காரணமென்று 1646-இல் இடிக்கப்பட்டிருந்தது. எனினும், அவர் செய்த மாதிரி உருவைப் போப்பின் கண்ணில் படும்படி அரண்மனையில் வைத்தார்கள் என்றும், அதைக் கண்டதும் போப் மனம் மாறினார் என்றும் சொல்வார்கள். 1651 ஜூனில் வேலை நிறைவுற்றது. பாறையின் நடுப்பகுதியைக் குடைந்து, அத்தனை பாரமுள்ள தூண் வெற்றிடத்தின்மேல் நிற்பதுபோல் பெர்னினி செய்த வித்தையைக் கண்டு நாம் வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால், இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? 1646 முதல் 1648 வரை ரோமாபுரியைப் பஞ்சம் வாட்டியது. அந்நாளில் விதித்த வரிகள் ஏழையின் ரொட்டியையும் விட்டுவைக்கவில்லை. நீரூற்றுக்காகக் கொண்டுவந்து போட்டிருந்த கற்களின் மீது, உண்ண ரொட்டி கேட்டுப் பொதுமக்கள் இரவோடிரவாகச் சீட்டுகளை ஒட்டினார்கள். வேலை நிற்கவில்லை. தூணின் உச்சியில் போப்பின் குடும்பச் சின்னமான புறா ஏறி அமர்ந்தது. அதன் கீழ் நான்கு கண்டங்களின் நதிகளும், நம் கங்கை உட்பட, பணிந்து கிடந்தன. உலகெங்கும் பரவிய அதிகாரத்தைப் பறைசாற்றுவதே அச்சிற்பத்தின் நோக்கம்.

ஆயினும் தண்ணீர் அதிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. 1652 முதல் ஆகஸ்டு மாத வார இறுதிகளில் நீரூற்றுகளின் வடிகால்களை அடைத்து, சதுக்கத்தையே ஏரியாக்கினார்கள். பிரபுக்களின் வண்டிகள் நீரைக் கிழித்துச் சென்றன. ஏழைக் குழந்தைகளும் அதே நீரில் குதித்துக் கும்மாளமிட்டார்கள். 1866 வரை இவ்வழக்கம் நீடித்தது.

அந்தக் கலையின் பெருமை பெர்னினியைச் சேரட்டும். கட்டுவித்தவர் பெயரைச் சரித்திரமும் சொல்லட்டும். பசித்த வயிற்றோடு அதற்கு விலை கொடுத்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பொதுச் செல்வத்தால் எழும் அழகு எதைக் கண்டாலும், முதலில் அவர்களை நினைப்பதே நாம் செலுத்தத்தக்க மரியாதை.