டிக்கிக்குள் ஒரு குளம்!

படப்பையைத் தாண்டி, சேரப்பணஞ்சேரி வழியாக ஒரகடம் போயிருக்கிறீர்களா? 2010-ல் ரெனோ–நிஸான் கார் ஆலை திறந்த ஊர். கார் ஆலைகளில் வண்டி வெளியே வருமுன் அதற்கு ஒரு ஸ்நானம் உண்டு. நாலா பக்கமும் குழாய்கள் மழையாகப் பொழியும். உள்ளே சொட்டு இறங்கினாலும் வண்டி திரும்பிப் போக வேண்டியதுதான்!

அந்தப் பரீட்சையில் தேறிய வண்டிதான் ஏழெட்டு ஐப்பசி கண்டதும் ஒழுகுகிறது. டிக்கியைத் திறந்தால் குப்பென்று ஈர வாடை. விரிப்பை உலர்த்திப் போட்டால் ஆயிற்றா? அதற்கு அடியில், ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்தைப் பாருங்கள். தேங்கிய நீர் அங்கே தகட்டை அரித்துக்கொண்டிருக்கும். ஜாக்கியும் துருவேறி, நடுவழியில் டயர் பஞ்சராகும்போது கையை விரித்துவிடும்.

நீர் தேங்குமிடம் ஒன்று, நுழையுமிடம் வேறு. நன்றாகத் துடைத்துக் காயவைத்து, உட்புறத் தகட்டில் முகப் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் வெளியிலிருந்து குழாயால் மெல்ல நீர் விடட்டும். கீழிருந்து மேலாக, ஓரிடத்தில் சில நிமிஷம். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து குற்றவாளி தப்பிவிடுவான்! இன்னொருவர் பின் ஸீட்டை மடக்கி, டார்ச்சுடன் பார்க்கட்டும். (குழந்தைகளை டிக்கிக்குள் விட்டு மூடவே கூடாது.) நீர் வந்த வழி பவுடரில் கோடாகத் தெரியும்.

பெரும்பாலும் அகப்படுவது பின்விளக்கை ஒட்டிய ரப்பர், அல்லது டிக்கியைச் சுற்றியுள்ள பீடிங். பீடிங்மேல் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. பசை பூசிச் சமாளிக்காமல் புதிதாகவே மாற்றுங்கள். பின் கண்ணாடியின் ஓரம் என்றால் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

மாற்றியபின் மறுபடியும் குழாயைப் பிடியுங்கள். பவுடர் கலையாதிருந்தால் விரிப்பைப் போடலாம்.