மானிட்டரில் ஒலிப்பது நோயாளிக்கான எச்சரிக்கையா, கருவிக்கானதா?

மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில், படுக்கைக்கு அருகேயுள்ள மானிட்டர் ஒலி எழுப்பியதும் உறவினர்கள் பதறுவது இயல்பு. ஆனால் எல்லா ஒலிகளுக்கும் பொருள் ஒன்றல்ல. நோயாளியின் உடல்நிலையில் ஏற்படும் மாற்றத்தால் எழும் அலாரம் ஒரு வகை. சென்சார், கேபிள், பேட்டரி போன்றவற்றின் கோளாறால் எழும் அலாரம் மற்றொரு வகை. மருத்துவக் கருவிகளின் அலாரங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 60601-1-8, இரண்டாவது வகையைத் தொழில்நுட்ப அலாரம் எனத் தனியே வரையறுக்கிறது.

ஏன் அலட்சியம் கூடாது?

'கருவியில்தானே கோளாறு' என்று தொழில்நுட்ப அலாரத்தை ஒதுக்கிவிடுவது ஆபத்தானது. மார்பில் ஒட்டப்பட்ட மின்முனை கழன்றுவிட்டால் திரையில் 'லீட் ஆஃப்' என்ற செய்தி தோன்றும். அந்த நேரத்தில் இசிஜி வழியாக இதயத்துடிப்பைக் கருவியால் கண்காணிக்க இயலாது. துடிப்பில் சீர்குலைவு ஏற்பட்டாலும் இசிஜி வழியே எச்சரிக்கை வராது. நோயாளி நலமாக இருக்கிறார் என்பதோ, ஆபத்தில் இருக்கிறார் என்பதோ இச்செய்தியின் பொருள் அல்ல. அவரது நிலை கருவிக்குத் தெரியவில்லை என்பதே பொருள்.

மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் வழங்கும் அமெரிக்க அமைப்பான ஜாயின்ட் கமிஷன் 2013-ஆம் ஆண்டு இது குறித்து எச்சரிக்கை விடுத்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பான 98 நிகழ்வுகள் அதனிடம் பதிவாகியிருந்தன. அவற்றில் 80 மரணத்தில் முடிந்தன. சிகிச்சை நடவடிக்கை தேவைப்படாத அலாரங்கள் 85 முதல் 99 சதவீதம் வரை இருக்கக்கூடும் என்ற மதிப்பீட்டையும் அது சுட்டிக்காட்டியது. தேவையற்ற ஒலிகளைக் கேட்டுக் கேட்டுப் பணியாளர்களின் கவனம் மழுங்குவது 'அலாரம் சோர்வு' எனப்படுகிறது.

அடிக்கடி தோன்றும் செய்திகள்

லீட் ஆஃப்: வியர்வை, மார்பு முடி, உலர்ந்துபோன ஜெல் ஆகியவை பொதுவான காரணங்கள். தோலைத் தூய்மைசெய்து உலர்த்தி, புதிய மின்முனையை ஒட்டுவதே தீர்வு. அதன் பிறகும் செய்தி நீடித்தால் கேபிள் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.

ப்ரோப் ஆஃப், குறைந்த சிக்னல்: விரலில் பொருத்தப்படும் பல்ஸ் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவைக் கணக்கிடுகிறது. கை குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும், நோயாளி கையை அசைத்தாலும், நகத்தில் அடர்நிறப் பூச்சு இருந்தாலும் அளவீடு தடைபடலாம். ரத்த அழுத்தப் பட்டை கட்டப்பட்ட கையிலேயே இது பொருத்தப்பட்டிருந்தால், பட்டை இறுகும்போதெல்லாம் சிக்னல் மறையும். வேறு விரலுக்கோ, மறு கைக்கோ மாற்றிப் பொருத்துவது பெரும்பாலும் பலன் தரும்.

காற்றுக் கசிவு: ரத்த அழுத்தப் பட்டையிலோ அதன் குழாயிலோ விரிசல் இருக்கலாம், இணைப்பு தளர்ந்திருக்கலாம். பட்டையின் அளவும் முக்கியம். கையின் சுற்றளவுக்குச் சிறியதான பட்டை, ரத்த அழுத்தத்தை உண்மையைவிட அதிகமாகக் காட்டும்.

குறைந்த பேட்டரி: மின் இணைப்பு செருகப்பட்டிருந்தும் இச்செய்தி வந்தால், மின்கம்பி, ஸ்விட்ச் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நோயாளியை ஸ்கேன் அறைக்கு அழைத்துச் செல்லும் முன்னர் பேட்டரி அளவைச் சரிபார்ப்பது அவசியம்.

முதலில் நோயாளி, பிறகு கருவி

எந்த அலாரம் ஒலித்தாலும் பணியாளர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரையை அல்ல, நோயாளியை. அவருக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு சீராக உள்ளதா, நாடி கிடைக்கிறதா என்று உறுதிசெய்த பின்னரே சென்சார், கேபிள், மானிட்டர் என்ற வரிசையில் கோளாறைத் தேட வேண்டும். இசிஜி கோடு நேராகத் தெரிந்தால் அது கழன்ற கம்பியாகவும் இருக்கலாம், நின்றுபோன இதயமாகவும் இருக்கலாம். நாடியைத் தொட்டுப் பார்ப்பதே இவ்விரண்டையும் விரைவாக வேறுபடுத்தும் வழி.

ஒரே பழுது மீண்டும் மீண்டும் வந்தால், அந்தக் கருவியைப் பயன்பாட்டிலிருந்து விலக்கி, பயோமெடிக்கல் பொறியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். மருத்துவக் கருவிகளால் ஏற்படும் பாதிப்புகளைப் பதிவுசெய்ய, இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் செயல்பட்டு வருகிறது. காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் இதனை ஒருங்கிணைக்கிறது.

உறவினர்கள் செய்ய வேண்டியது

அலாரம் ஒலித்தால் உடனே செவிலியரை அழைக்க வேண்டும்; திரையில் தோன்றும் சொற்களை அப்படியே கூறுவது உதவியாக இருக்கும். கழன்ற கம்பியைத் தாமாகப் பொருத்துவதோ, ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்துவதோ கூடாது. ஒலியை நிறுத்தினாலும் அதற்கான காரணம் அப்படியே இருக்கும். செவிலியர் வந்து ஒலியை நிறுத்திய பின்னரும் திரையில் செய்தி நீடித்தால், 'இது எதனால் வருகிறது' என்று தயங்காமல் கேட்கலாம்.