சாணியில் பூக்கும் ஆரஞ்சுக் கிண்ணம்... கண்டுபிடிப்பது எப்படி?

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் மாட்டுச் சாணியை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? கேசரிப் பவுடரைத் தூவியதுபோல ஆரஞ்சுப் புள்ளிகள் தெரியலாம். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டிக் கிண்ணம்!

இவை சாணத்தில் வளரும் கிண்ணப் பூஞ்சைகள். புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் போகும் வித்துகள், செரிக்காமல் சாணத்தோடு வெளியே வந்து முளைக்கின்றன. வயிற்றுச் சூட்டைத் தாண்டி வந்தால்தான் பல இனங்களின் வித்துகள் நன்றாக முளைக்கும்.

இதில் ஒரு சிக்கல். சாணி கிடக்கும் இடத்தை ஒட்டிய புல்லை மாடு ஒதுக்கிவிடும். அப்படியானால் வித்து மறுபடி மாட்டின் வாய்க்குள் போவது எப்படி? அஸ்கோபோலஸ் போன்ற இனங்களில் வித்துப் பைகள் வெளிச்சம் வரும் பக்கம் வளைந்து, நுனி மூடியைத் திறந்து, வித்துகளைத் தூரத்துப் புல்லை நோக்கிப் பீய்ச்சி அடிக்கின்றன!

எது என்ன?

* முதலில் விலங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டுச் சாணமா, ஆட்டுப் புழுக்கையா, குதிரை லத்தியா? பாதி விடை அதிலேயே இருக்கிறது.

* ஆரஞ்சு நிறம், 1 - 2 மி.மீ. அகலம், வெளிப்புறம் ரவை ரவையாக, முடியே இல்லை என்றால் 'கெய்லிமேனியா கிரானுலாட்டா'வாக இருக்கலாம். மாட்டுச் சாணம்தான் இதற்குப் பிடித்த இடம்.

* 1 மி.மீ.கூட இல்லாத கிண்ணத்தைச் சுற்றிக் கூரான முடிகள் நின்றால் 'லேசியோபோலஸ்'.

* மஞ்சள் அல்லது பச்சை கலந்த தட்டில் கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்த்தால் 'அஸ்கோபோலஸ்'. அந்தப் புள்ளிகள் வெடிக்கக் காத்திருக்கும் வித்துப் பைகள்.

போட்டோ மட்டும் போதாது. உறுதி செய்ய மைக்ராஸ்கோப் வேண்டும். அஸ்கோபோலஸில் ஊதா நிற வித்துகள் தனித்தனியாக இருக்கும். அதன் உறவான 'சாக்கோபோலஸி'ல் எட்டு வித்துகளும் ஒரே பொட்டலமாக ஒட்டியிருக்கும்.

வீட்டிலும் பார்க்கலாம்

மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரக் காகிதம் விரித்து, மேலே சாணத்தை வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். முதல் சில நாள்களில் முடி போன்ற பூஞ்சைகள் வரும். ஓரிரு வாரத்தில் கிண்ணங்கள் தலைகாட்டும். சமையலறைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கையுறை கட்டாயம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். குழந்தைகள் பெரியவர்கள் துணையோடு பார்க்கட்டும்.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா?

அமெரிக்காவின் இண்டியானாவில் ஆப்பிள்மேன் ஏரியின் அடிச்சேற்றில், 'ஸ்போரோர்மியெல்லா' என்ற சாணப் பூஞ்சையின் வித்துகளை விஞ்ஞானிகள் எண்ணினார்கள். இது கிண்ணப் பூஞ்சை அல்ல. ஆனால், இதுவும் தாவர உண்ணிகளின் சாணத்தை நம்பி வாழ்வதுதான். சாணம் குறைந்தால் வித்தும் குறையும். யானையின் பழைய உறவினரான மாஸ்டோடான் போன்ற பெரிய விலங்குகள் அங்கே சுமார் 14,800 ஆண்டுகளுக்கு முன்பே குறையத் தொடங்கிவிட்டன. காடு மாறியது அதற்குப் பிறகுதான் என்று 2009-ல் அவர்கள் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

எந்த வித்து எந்தப் பூஞ்சையுடையது என்று பிரித்தறியத் தெரிந்திருந்ததால்தான், எலும்பு சொல்லாத கதையைச் சாணம் சொன்னது. அடுத்த மழைக்குப் பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டாவது ஒருமுறை குனிந்து பாருங்கள்!