காவலர் பணியும் குடியுரிமையும்

பிழைப்பை நாடியும், கல்வியை நாடியும், கொடுமைக்குத் தப்பியும் மக்கள் நாடு விட்டு நாடு செல்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். அவ்வாறு சட்டத்தின் அனுமதியோடு குடியேறி, வரி செலுத்தி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழும் ஒருவர், அந்நாட்டின் குடியுரிமையைப் பெறுவதற்கு முன்பே போலீஸ் அதிகாரியாகலாமா? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் வினா.

நம் அரசியலமைப்பின் 16-ஆம் விதி, அரசுப் பணியில் சமவாய்ப்பைக் குடிமக்களுக்கே உறுதி செய்கிறது. அமெரிக்க அரசியலமைப்பில் 1868-ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற 14-ஆம் திருத்தமோ, சட்டத்தின் சமமான பாதுகாப்பை 'எந்த நபருக்கும்' மறுத்தலாகாது என்கிறது. 'குடிமகன்' என்னும் சொல்லை அவ்விடத்தில் அது ஆளவில்லை. ஆகவேதான் இவ்வினா அமெரிக்க மண்ணில் பெரும் வழக்காக வளர்ந்தது. அங்கு நிரந்தரவாசம் பெற்ற வெளிநாட்டார், பொதுவாக ஐந்தாண்டுகள் வாழ்ந்த பின்னரே குடியுரிமை பெற இயலும். அந்த இடைக்காலத்தில் அவருக்கு எந்தெந்தப் பணிகள் உரியவை?

1973-ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளை வழங்கிற்று. குடிமக்கள் அல்லாதாரை நியூயார்க் மாநில அரசுப் பணிகளிலிருந்து பொதுப்பட விலக்கிய சட்டம் செல்லாது என்றது ஒன்று. கனெக்டிகட் மாநிலத்தில் அவர்கள் வழக்கறிஞராவதைத் தடுத்த விதி செல்லாது என்றது மற்றொன்று. எனினும், ஆட்சிக் கொள்கைகளை வகுப்பதிலும் செயற்படுத்துவதிலும் நேரடியாக ஈடுபடும் முக்கியப் பதவிகளுக்குக் குடியுரிமையை நிபந்தனையாக்கலாம் என்றும் முதல் தீர்ப்பு குறிப்பிட்டது.

போலீஸ் பணி இவ்விரு வகையுள் எதனைச் சேர்ந்தது? நிரந்தரவாசியான ஃபோலி என்பவரை நியூயார்க் மாநிலப் போலீஸ் தேர்வு எழுதவே அதிகாரிகள் அனுமதிக்கவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 1978-ஆம் ஆண்டு தீர்ப்புக் கிடைத்தது. ஆறு நீதிபதிகள் மாநிலத்தின் பக்கமும், மூவர் அவர் பக்கமும் நின்றனர்.

தலைமை நீதிபதி பர்கர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் கருத்து இது: போலீஸ் அதிகாரி ஒருவனைக் கைது செய்யலாம், சோதனையிடலாம், வேண்டுமிடத்து ஆயுதத்தையும் பயன்படுத்தலாம். யாரை நிறுத்துவது, யாரைப் போகவிடுவது என்பதைப் பல வேளைகளில் அவரே அந்த இடத்தில் முடிவு செய்கிறார். மக்கள் மீது செலுத்தப்படும் இத்தகைய அதிகாரத்தைக் குடிமக்கள் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் அதில் தவறில்லை.

மாறுபட்ட நீதிபதிகளோ, போலீஸ் அதிகாரி சட்டத்தை நடைமுறைப்படுத்துபவரேயன்றிக் கொள்கை வகுப்பவர் அல்லர் என்றனர். ஒருவர் நம்பிக்கைக்குரியவரா என்பதை அவரை ஆராய்ந்து அறிதல் வேண்டும். அவர் சேர்ந்த கூட்டத்தைக் கொண்டு முடிவு கட்டலாகாது என்பதும் அவர்களின் வாதத்தில் அடங்கியது.

இரு தரப்பையும் சீர்தூக்குவோம். நிரந்தரவாசிகள் அமெரிக்க இராணுவத்தில் சேரலாம். நாட்டுக்காக உயிர் கொடுக்கத் தகுதியுடையவர் தெருவைக் காக்கத் தகுதியற்றவரா என்று பலர் கேட்பதுண்டு. இக்கேள்வி உணர்ச்சியைத் தூண்டுமேயன்றி முழு விடை ஆகாது. போர்வீரன் பகைவனை எதிர்நோக்குகிறான். போலீஸ்காரர் குடிமகனை எதிர்நோக்குகிறார். பர்கரின் கவலைக்கு அடிப்படை அதுவே.

ஆயினும் அக்கவலைக்கு விடை உண்டு. தன்னாட்சி என்பது சட்டம் இயற்றுவதிலும், வாக்களிப்பதிலும் நிலைபெறுவது. அவை குடிமக்களுக்கே உரியவையாக இருப்பது முறை. போலீஸ் அதிகாரி கையாளும் அதிகாரமோ அவருடையது அன்று. குடிமக்கள் இயற்றிய சட்டம் அளந்து கொடுத்தது. அவர் உறுதிமொழி எடுக்கிறார், மேலதிகாரிக்குக் கட்டுப்படுகிறார், எல்லை மீறினால் நீதிமன்றத்தின் முன் நிற்கிறார். இக்கட்டுப்பாடுகள் தளர்ந்த இடத்தில் குடிமகனான போலீஸ்காரரும் கொடுமை செய்வார். பிறப்புச் சான்றிதழ் நல்லொழுக்கத்துக்குச் சான்றிதழ் ஆகாது.

இன்னொன்றையும் எண்ணுதல் வேண்டும். குடியேறியோர் மிகுந்த வீதியில், திருட்டுக் கொடுத்த ஒரு மூதாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. போலீஸ் நிலையத்தில் அவர் மொழி அறிந்தவர் ஒருவரும் இல்லை. அவர் முறையிட அஞ்சி வீடு திரும்பினால், தப்புபவன் திருடன். தன் மொழி பேசும் ஒருவர் அங்கே இருந்தால் அவருக்கு அச்சம் நீங்கும். சட்டத்துக்கும் சாட்சி கிடைக்கும்.

உச்ச நீதிமன்றத்தின் 1978-ஆம் ஆண்டுத் தீர்ப்பு, மாநிலங்கள் இவர்களை விலக்கலாம் என்று சொன்னதேயொழிய, விலக்கியே தீரவேண்டும் என்று சொல்லவில்லை. ஆதலின் சில மாநிலங்கள் வேறு வழியை மேற்கொண்டன. கலிபோர்னியாவில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதலும், இல்லினாயில் 2024-ஆம் ஆண்டு ஜனவரி முதலும், சட்டப்படி வேலை செய்யும் அனுமதி பெற்ற குடிமக்கள் அல்லாதாரும் போலீஸ் பணியில் சேரச் சட்டம் இடமளித்தது.

எதிர்ப்போர் கூறும் ஓர் இடையூறு மெய்யானது. வெளிநாட்டில் வாழ்ந்தவரின் முன்வரலாற்றை விசாரித்தறிதல் எளிதன்று. அதற்குரிய வழி, விசாரணையைக் கடுமையாக்குதலேயாகும். வரலாறு தெளிவுபடாத ஒருவரை விலக்குக. அவர் பொருட்டு அவரைப் போன்ற அனைவரையும் விலக்குதல் முறையன்று. வசிக்கும் உரிமை நீங்கினால் பணியும் நீங்கும் என்று விதிப்பதும் பொருத்தமே.

நீதிபதிகளே இருகூறாகப் பிரிந்த வினா இது. என் கருத்து, சட்டப்படி குடியேறி, ஏனையோர் எழுதும் அதே தேர்வில் தேறியவருக்குக் காவற்சீருடையை மறுத்தல் ஆகாது என்பதே. நீங்கள் வேறு முடிவுக்கு வருவீர்களாயின் வருக. ஆனால் ஒன்று வேண்டுகிறேன்: 'அயலான்' என்ற சொல்லைக் கேட்டவுடனே முடிவு செய்துவிடாமல், அவர் கையில் கொடுக்கப்படும் அதிகாரம் எத்தகையது, அதற்கு எல்லை வகுப்பவர் யார் என்று கேட்டு, அதன் பின் தீர்ப்புச் செய்யுங்கள்.